வீடு வந்தும் ஓயாத போர்

பாரதப் போர் பதினெட்டு நாளில் முடிந்தது. ஆயினும், அப்போரில் எஞ்சிய ஒருவனுக்கு மாத்திரம் அது முடியவேயில்லை. உறங்கிக் கிடந்த பாண்டவர் மைந்தரை நள்ளிரவிற் கொன்ற அசுவத்தாமனுக்குக் கண்ணபிரான் இட்ட சாபத்தை வியாச பாரதம் கூறுகின்றது. மூவாயிரம் ஆண்டுகள் அவன் தனியனாய் உலகெங்கும் அலைதல் வேண்டும்; அவன் மேனியிற் சீழும் இரத்தமும் நாறும்; துணையென்று ஒருவரும் இரார்; அவனோடு பேசுவாரும் இரார். கொலைக் குற்றத்துக்கு மரணத்திலும் கொடிய தண்டனையாக இதனை வியாசர் கண்டார் என்பது சிந்திக்கத் தக்கது. ஆறாத புண் கொடிதா, அப்புண்ணைப் பற்றிப் பேச ஓர் ஆளில்லாமை கொடிதா என்று வினவினால், பின்னையதே கொடிது என்று விடையிறுக்குமாறு சென்ற நூறாண்டுகளின் சரித்திரம் நம்மைத் தூண்டுகின்றது.

நம் மாணவர்கள் போர்கள் தொடங்கிய ஆண்டையும் முடிந்த ஆண்டையும் மனனஞ் செய்கின்றனர். முதலாம் உலக யுத்தம் 1914 முதல் 1918 வரை. இரண்டாம் உலக யுத்தம் 1939 முதல் 1945 வரை. பரீட்சைக்கு இது போதும். ஆனால், போர்முனையிலிருந்து மீண்டு தன் வீட்டுப் படியேறிய ஒரு வீரனுடைய உள்ளத்தில் அப்போர் எந்த ஆண்டில் முடிந்தது என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. அதனைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரில்லா நோய்க்குப் பெயர் கிடைத்தது

போரினால் உள்ளம் சிதைவது பண்டு தொட்டு உள்ளதே. கி. மு. 490இல் மரதன் போர்க்களத்திலே எபிசேலஸ் என்னும் அதேனிய வீரன் ஒருவன், உடம்பில் ஒரு காயமும் படாமலே கண்பார்வை இழந்தான் என்று கிரேக்க சரித்திராசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்துள்ளார். தன் பக்கத்தில் நின்றவன் கொல்லப்பட்ட கணத்தில் அவன் கண் இருண்டது. பின்னர் ஆயுள் முழுவதும் ஒளி திரும்பவில்லை.

இவ்வாறு அங்கொன்றும் இங்கொன்றுமாய்க் கேட்கப்பட்ட செய்தி, முதலாம் உலக யுத்தத்தில் ஆயிரக்கணக்கிற் பெருகியது. அந்த யுத்தத்தின் தன்மையே அதற்குக் காரணம். பிரான்சு நாட்டிலும் பெல்ஜியத்திலும் இரு தரப்பினரும் நீண்ட பதுங்குகுழிகளை வெட்டி, அவற்றிலே சேற்றோடும் எலிகளோடும் மாதக்கணக்காய்க் கிடந்தனர். பகைவனை எதிர்நின்று காண்பது அரிது. மைல்கணக்கான தொலைவிலிருந்து வரும் பீரங்கிக் குண்டு எப்போது விழும், எவன்மேல் விழும் என்று காத்திருப்பதே பெரும்பாலும் வீரனின் தொழிலாயிற்று. 1916 யூலை 1ஆந் திகதி, சொம் நதிக்கரைப் போரின் முதல் நாளில் மாத்திரம் பிரித்தானியப் படையினருள் ஏறக்குறைய 57,000 பேர் மாண்டும் காயமுற்றும் காணாமற் போயும் வீழ்ந்தனர். அவர்களுள் மாண்டோர் 19,000க்கு மேற்பட்டோர்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து உளநூல் அறிஞரான சார்ள்ஸ் மயர்ஸ் என்பவர் அக்காலத்திற் பிரான்சில் ஓர் இராணுவ வைத்தியசாலையிற் பணியாற்றினார். 1915 பெப்ரவரியில் ‘லான்செற்’ என்னும் வைத்திய சஞ்சிகையில் மூன்று போர்வீரரின் நிலையை அவர் விவரித்தார். குண்டுகள் அருகில் வெடித்த பின்னர் அம்மூவருக்கும் பார்வை குன்றியது, மணமும் சுவையும் மங்கின, நினைவு தடுமாறியது. அந்நோயை அவர் ‘ஷெல் ஷொக்’ என்று குறித்தார். குண்டதிர்ச்சி என்று நாம் தமிழிற் கூறலாம்.

இவ்விடத்தில் நம் நாட்டு வாசகர்களுக்குச் சுவையான ஒரு செய்தி உண்டு. செலிக்மன் தம்பதியர் இலங்கை வேடரைப் பற்றி ஆராய்ந்து 1911இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில், வேடரின் இசை பற்றிய அதிகாரத்தை எழுதியவர் இதே மயர்ஸ்தான். அந்நூலாசிரியரான செலிக்மனும் யுத்த காலத்திற் குண்டதிர்ச்சி நோயாளருக்குச் சிகிச்சை அளித்தவர். அவர்களின் தோழரும், நீலகிரித் தோடரைப் பற்றி 1906இல் நூல் வெளியிட்டவருமான றிவேர்ஸ் என்பவரே இந்நோயின் உட்பொருளை மற்றெல்லாரினும் ஆழமாகக் கண்டவர். மூவரும் 1898இல் தொரெஸ் நீரிணைத் தீவுகளுக்கு ஒருங்கே ஆராய்ச்சிப் பயணஞ் சென்றவர்கள். அந்நிய மக்களின் பேச்சைப் பொறுமையோடு கேட்டுப் பழகியவர்கள், பின்னர் தம் நாட்டுப் போர்வீரரின் பேச்சையும் அவ்வாறே கேட்க முற்பட்டனர் போலும்.

குண்டின் அதிர்வு மூளையைத் தாக்குவதால் வருவதே இந்நோய் என்று முதலில் வைத்தியர் பலர் எண்ணினர். ஆனால், குண்டு வெடித்த இடத்துக்கு அணுகாதவரும் ஊமையராயினர், கால் முடங்கினர், கை நடுங்கினர், இரவில் அலறி எழுந்தனர். ஆகவே, ‘குண்டதிர்ச்சி’ என்ற பெயரே பொருந்தாது என்று அதனை வழக்குக்குக் கொண்டுவந்த மயர்ஸே பின்னர் வருந்தினார். செய்வதற்கு ஒன்றுமின்றி அபாயத்தின் முன் அசையாதிருக்கும் நிலைதான் உள்ளத்தை மிகுதியும் முறிக்கின்றது என்று றிவேர்ஸ் கண்டார். வானூர்தியைத் தாமே செலுத்திப் போரிட்ட விமானிகளிலும் பார்க்க, கயிற்றிற் கட்டிய பலூனில் அந்தரத்தில் அமர்ந்து வேவு பார்த்தவர்களிடையே இந்நோய் மிகுதியாயிருந்தமை அவருக்குச் சான்றாயிற்று.

கோழை என்ற பழி

யுத்தம் முடியுமுன் பிரித்தானியப் படையில் ஏறக்குறைய 80,000 பேர் இந்நோய்க்கு ஆளாயினர் என்று கணக்கிடுவர். அவர்களை அக்காலச் சமுதாயம் எவ்வாறு நோக்கியது? காலிழந்தவனுக்கு மாலை சூட்டிற்று. உள்ளம் இழந்தவனைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. அதிகாரிகளுக்கு நோய் வந்தால் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று மரியாதையாகப் பெயரிட்டனர். சாதாரண சிப்பாய்க்கு வந்தாலோ அது பெண்பிள்ளைகளின் நோய் என்றும் பாசாங்கு என்றும் ஏளனஞ் செய்யப்பட்டது.

ஹரி பார் என்பவர் மேற்கு யோர்க்ஷயர் படைப்பிரிவைச் சேர்ந்த சிப்பாய். 1915இல் குண்டதிர்ச்சியால் ஐந்து மாதம் வைத்தியசாலையிற் கிடந்தார். கை நடுக்கத்தினால் அவர் மனைவிக்கு எழுதவேண்டிய கடிதங்களைத் தாதி ஒருத்தியே எழுதினாள். பின்னர் மீண்டும் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். 1916 செப்டெம்பரில், இனி முன்னே செல்ல இயலாது என்று மறுத்தார். இராணுவ நீதிமன்றம் அவரைக் கோழை என்று தீர்த்தது. அவருக்காக வாதாட ஒருவரும் இருக்கவில்லை. அக்டோபரில் ஒரு நாள் விடியற் பொழுதில் அவருடைய சேனையினரே அவரைச் சுட்டுக் கொன்றனர். அப்போது அவருக்கு வயது 25.

கதை அத்துடன் முடிந்திருந்தால், அது ஒருவருடைய துன்பமாய் நின்றிருக்கும். மூன்று வயது மகளுடன் தனித்த மனைவிக்கு உபகாரச் சம்பளம் மறுக்கப்பட்டது. கணவன் எவ்வாறு இறந்தான் என்பதை வெளியிற் சொல்ல வெட்கி, அவர் பல்லாண்டு காலம் மகளிடமிருந்துங்கூட அதனை மறைத்து வாழ்ந்தார். தொண்ணூறு வயதைக் கடந்த பின்னரும் தந்தையின் மானத்தை மீட்க அம்மகள் போராடினார். 2006ஆம் ஆண்டிற் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றி, அவ்யுத்தத்திற் கோழைமை, படையை விட்டோடல் முதலிய குற்றங்களுக்காகச் சுடப்பட்ட 306 பேருக்கும் மன்னிப்பு வழங்கிற்று. துப்பாக்கி வெடித்த பின் தொண்ணூறு ஆண்டுகள் ஒரு குடும்பம் அப்போரைச் சுமந்திருக்கின்றது!

இரு வைத்தியர், இரு வழிகள்

இந்நோயைத் தீர்க்க முனைந்தவருள் இருவரை ஒப்பிட்டு நோக்குவது பயனுடையது.

இலண்டனிலே குயின் ஸ்குயர் வைத்தியசாலையில் லூயிஸ் யீலண்ட் என்னும் வைத்தியர் இருந்தார். பல பெரும் போர்களைக் கண்டு, ஒன்பது மாதமாய் வாய் பேசாதிருந்த 24 வயதுச் சிப்பாய் ஒருவன் அவரிடம் கொண்டுவரப்பட்டான். யீலண்ட் அறைக் கதவைப் பூட்டினார். பேசினாலன்றி வெளியே செல்ல முடியாது என்றார். அவன் தொண்டையில் மின்சாரத்தைப் பாய்ச்சினார். நான்கு மணிநேரம் இது நீடித்தது. இறுதியில் அவன் பேசினான். 1918இல் வெளியிட்ட தமது நூலில் இதனை வெற்றியென்றே அவர் குறித்துள்ளார். குரல் வந்தது உண்மை. ஆனால், அக்குரலை அடைத்த துயரம் யாதென்று அவ்வைத்தியர் கேட்கவேயில்லை.

மற்றவர் நாம் முன்னர் கூறிய றிவேர்ஸ். ஸ்கொத்லாந்தின் தலைநகரான எடின்பரோவிலே கிரெயிக்லொக்கார்ட் என்ற பெரிய மாளிகை, 1916 முதல் 1919 வரை நோயுற்ற அதிகாரிகளுக்கு வைத்தியசாலையாயிருந்தது. அங்கே அவர் நோயாளரை எதிரில் அமர்த்திப் பேசவிட்டுக் கேட்டார். அக்காலத்தில் வீட்டாரும் நண்பரும் வைத்தியரும் ஒரே வாய்ப்பாட்டையே ஓதிவந்தனர்: “நடந்ததை மறந்துவிடு, வேறு காரியங்களை நினை.” பகலெல்லாம் அவ்வாறு நினைவை அமுக்கியவர்களையே இரவில் அந்நினைவு மும்மடங்கு வலியோடு தாக்கியது என்பதை றிவேர்ஸ் கண்டறிந்தார். 1917 டிசம்பரிற் சக வைத்தியர் முன் அவர் நிகழ்த்திய சொற்பொழிவு இதனை விளக்குவதாகும்.

அதில் வரும் ஒரு நிகழ்ச்சி மறக்க முடியாதது. அதிகாரி ஒருவர் தம் தோழரைத் தேடிச் சென்று, குண்டினாற் சிதறுண்ட உடலையே கண்டார். அன்று முதல் இரவுதோறும் அத்தோழர் கனவில் வந்தார். சில இரவுகளிற் சிதைந்த கோலத்தோடும், சில இரவுகளிற் குட்டநோய் தின்ற அங்கங்களோடும் வந்தார். உறங்கவே அஞ்சிய அவ்வதிகாரி, பகல் முழுதும் அதனை எண்ணாதிருக்கப் பெருமுயற்சி செய்தார். றிவேர்ஸ் அவரை அந்நினைவின் எதிரே அமர்ந்து நோக்கும்படி செய்தார். உடல் அவ்வாறு சிதறியிருந்ததே, தோழர் ஒரு கணமும் வேதனைப்படாமல் உயிர் நீத்தார் என்பதற்குச் சான்றன்றோ என்று எடுத்துக் காட்டினார். அதிகாரியின் முகம் தெளிந்தது. சில நாளின் பின் மீண்டும் அதே கனவு வந்தது. ஆனால் அச்சம் வரவில்லை. கனவிலே அவர் உடலின் அருகே முழந்தாளிட்டு, குடும்பத்தாருக்கு அனுப்பவேண்டிய பொருள்களைப் பக்குவமாய் எடுத்து வைத்தார். பின்னொரு கனவில் தோழரோடு உரையாடவும் செய்தார்.

நடந்தது சிறிதும் மாறவில்லை, மாண்டவர் மீளவில்லை. ஆயினும், தனியே சுமந்த காட்சியை இன்னொருவர் முன்னிலையிற் கண்டபோது, அது துக்கமாக மாறிற்று. துக்கத்தோடு மனிதன் வாழ முடியும். றிவேர்ஸின் வழியும் எல்லாரையும் குணப்படுத்தவில்லை என்பதை அவரே ஒளிக்காமற் கூறியுள்ளார்.

இவ்வைத்தியசாலையின் கடமையோ கொடியது. குணமடைந்தவர் போருக்குத் திரும்பவேண்டும் என்பதே அதன் நோக்கம். 1917இல் அங்கே தங்கி நலமடைந்த கவிஞர் வில்பிரட் ஓவன் மீண்டும் பிரான்சு சென்றார். 1918 நவம்பர் 4ஆந் திகதி, சமாதானத்துக்கு ஒரு வாரத்தின் முன், போரில் மாண்டார். சமாதான நாளன்று, 11ஆந் திகதி, அச்செய்தி அவருடைய தாயின் கைக்கு எட்டியது.

பெயர்கள் மாறின

யுத்தம் முடிந்ததும் ஊர்வலங்கள் நடந்தன. நினைவுத் தூண்கள் எழுந்தன. ஆனால், 1921இல் ஏறக்குறைய 65,000 பிரித்தானியர் நரம்புத் தளர்ச்சிக்காக உபகாரச் சம்பளம் பெற்றுக்கொண்டிருந்தனர் என்று கூறுவர். இவர்கள் அலுவலகத்திலும் வயலிலும் வேலை செய்தனர். மனைவி மக்களோடு உண்டனர். கதவு படாரென்று அடித்தால் தரையிற் படுத்தனர். ஏன் என்று கேட்கப் பிள்ளைகள் அஞ்சினர். சொல்லத் தந்தை அஞ்சினார்.

இரண்டாம் உலக யுத்தத்தில் அதே நோய் ‘போர்க் களைப்பு’ என்ற புதுப் பெயரோடு வந்தது. அமெரிக்காவின் சிறந்த படத் தயாரிப்பாளருள் ஒருவரான ஜோன் ஹூஸ்டன், இராணுவத்துக்காகவே ஒரு வைத்தியசாலையில் இத்தகைய நோயாளரைப் படம்பிடித்தார். 1946இல் முடிந்த அப்படத்தைப் பொதுமக்கள் காணலாகாது என்று இராணுவமே தடுத்துவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது மறைக்கப்பட்டிருந்தது. வீரன் அழுவதை நாடு காணக்கூடாதாம்! அதே நாட்டில், மிக அதிகமான விருதுகள் பெற்ற போர்வீரருள் ஒருவரும் பின்னர் சினிமா நடிகராய்ப் புகழ் பெற்றவருமான ஓடி மேர்பி, தலையணையின் கீழ்த் துப்பாக்கி வைத்தே உறங்கினார். உறக்கமின்மையாற் பல்லாண்டு துன்புற்றார். அஞ்சா நெஞ்சனுக்கும் இந்நோய் வரும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? தம் நிலையை அவர் வெளிப்படையாகவே பேசி, மீண்டு வந்த வீரருக்கு உதவவேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொண்டார். 1971இல் விமான விபத்தொன்றிற் காலமானார்.

வியட்னாம் யுத்தமே இந்த மௌனத்தை உடைத்தது. அங்கு சென்ற அமெரிக்க இளைஞர் பெரும்பாலும் ஓராண்டு முடிந்ததும் தனித்தனியே விமானமேறினர். நேற்றுக் காட்டிற் போரிட்டவன் ஓரிரு நாளிற் சொந்த ஊர்த் தெருவில் நின்றான். வழியிற் பேசத் தோழரில்லை. ஊரிற் கேட்க ஆளில்லை. அப்போரை வெறுத்தவர் பலர் அவனையும் வெறுத்தனர். ஆகவே, 1970ஆம் ஆண்டளவில் நியூயோர்க் நகரில் இவ்வீரர்கள் தாமே குழுக்களாகக் கூடி, தாம் கண்டதையும் செய்ததையும் ஒருவருக்கொருவர் சொல்லத் தொடங்கினர். உளவைத்தியர் சிலர் அவர்களோடு அமர்ந்து கேட்டனர். அம்முயற்சியின் பயனாகவும், 1980இல் அமெரிக்க உளவைத்தியர் சங்கம் இந்நோயைத் தன் நூலிற் சேர்த்து முறையான பெயரும் இட்டது. ‘பேரதிர்ச்சிக்குப் பின்னான மன அழுத்த நோய்’ எனத் தமிழில் வழங்குவது அதுவே. 1988இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வின்படி, வியட்னாமிற் பணியாற்றிய ஆடவருள் நூற்றுக்கு 15 பேர் அப்போதும் இந்நோயோடு வாழ்ந்தனர். நூற்றுக்கு 30 பேர் என்றேனும் ஒரு காலத்தில் அதற்கு ஆளாயிருந்தனர்.

அச்சமும் குற்ற உணர்வும்

தனக்கு நேர்ந்ததை எண்ணி நடுங்குவது ஒன்று. தான் செய்ததை எண்ணி வெந்து சாவது மற்றொன்று. வியட்னாம் வீரருக்குச் சிகிச்சை அளித்த ஜொனதன் ஷே முதலிய அறிஞர் இப்பின்னையதை ‘அறக்காயம்’ என்னும் பொருள்படப் பெயரிட்டு விளக்கியுள்ளனர். நமக்கு இது புதிதன்று. வென்று முடிசூட வேண்டிய தருமபுத்திரன், உற்றாரைக் கொன்று பெற்ற அரசு எனக்கு வேண்டாம் என்று புலம்புவதோடுதான் சாந்தி பருவம் தொடங்குகின்றது. தம்பியரும் திரௌபதியும் முனிவரும் அவனைச் சூழ்ந்திருந்து பேசுகின்றனர். அம்புப் படுக்கையிற் கிடந்த வீட்டுமர் அவன் கேட்டவற்றுக்கெல்லாம் விடை கூறுகின்றார். அசுவத்தாமனுக்குக் கிடையாத பேறு தருமனுக்குக் கிடைத்தது. அதனாலேதான் அவன் மீண்டும் அரசு செலுத்தவும் வாழவும் இயன்றது என்பது எமது கருத்து.

நம் வீடுகளில்

1983 முதல் 2009 வரை நீடித்த போரின் பின்னர், இது நமக்கு அயல்நாட்டுக் கதையன்று. தென்னிலங்கைக் கிராமத்துக்கு ஊன்றுகோலோடு திரும்பிய சிப்பாயும், வடக்கிலும் கிழக்கிலும் புனர்வாழ்வு முகாங் கடந்து வீடு வந்த இளைஞனும் யுவதியும் ஒரே நோயைச் சுமக்கக்கூடும். ஆயுதம் ஏந்தாத மக்களையும் இந்நோய் விட்டுவைக்கவில்லை என்பதை யாழ்ப்பாணத்து உளவைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். சித்திரைப் புத்தாண்டிலும் தீபாவளியிலும் பட்டாசு வெடிக்கும்போது, உள்ளறையிற் சென்று கதவைச் சாத்திக்கொள்ளும் மனிதர் எல்லா இனத்திலும் உள்ளனர்.

அவர்களுக்கு வீட்டார் செய்யத் தக்கது யாது? முதலாவது, “மறந்துவிடு” என்று சொல்லாதிருத்தல். மறக்க முடிந்தால் அவர்கள் என்றோ மறந்திருப்பர். இரண்டாவது, சொல்லென்று வற்புறுத்தாதிருத்தல். துன்பம் நேர்ந்த உடனே ஒருவரை இருத்தி எல்லாவற்றையும் கூறச் செய்வதாற் பயனில்லை என்றும், சிலருக்கு அது தீங்காகவும் கூடும் என்றும் ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. யீலண்டின் மின்சாரமும் நமது துருவிக் கேட்கும் ஆவலும் உறவுடையனவே. மூன்றாவது, அவர்களாகப் பேசத் தொடங்கும் நாளிற் பேச்சை மாற்றாமற் கேட்டல். மாலையில் முற்றத்தில் அமர்ந்திருக்கும்போது திடீரென்று ஒரு சொல் வரும். “இப்போது ஏன் அந்தக் கதை?” என்று அடுப்படிக்கு எழுந்து செல்வோமாயின், அச்சொல் மீண்டும் வரப் பத்தாண்டு செல்லும்.

இரவு உறக்கமின்மை, காரணமற்ற சினம், ஓயாத மது, யாரோடும் ஒட்டாமை ஆகியவை மாதக்கணக்காய் நீடித்தால், அதனைக் குணக்கேடென்று தள்ளாது வைத்திய உதவி நாடுதல் வேண்டும். அனுபவம் வாய்ந்தவர் துணையோடு பழைய நினைவைச் சிறிது சிறிதாக எதிர்நோக்கப் பழக்கும் சிகிச்சை முறைகள் இன்று பலருக்கு நற்பயன் தருகின்றன. றிவேர்ஸ் 1917இற் கண்ட வழியின் வளர்ச்சியென்றே அவற்றை நாம் கருதலாம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டிலோ அயலிலோ அதிகம் பேசாத ஒரு மாமாவோ, இரவில் விளக்கை அணைக்க விடாத ஓர் அக்காவோ இருக்கலாம். அவர்களைக் கண்டு நகைக்காதீர்கள், கேள்விகளால் துளைக்காதீர்கள். பாடப் புத்தகத்தோடு சென்று அவர்கள் பக்கத்தில் அமர்ந்து படியுங்கள். நாளடைவில் ஒரு நாள் அவர்கள் பேசக்கூடும். அப்போது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை இருந்து கேளுங்கள்.